மெலங்கோலியா வகை மனச்சோர்வு: குமரி மாவட்டக் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மனச்சோர்வில் பல வகைகள் உண்டு. அவற்றுள் மருத்துவர்கள் மெலங்கோலியா என்று குறிப்பிடும் கடுமையான வகையைப் பற்றியே இங்கே பேசப்படுகிறது. நோயாளியைவிட அவரோடு ஒரே வீட்டில் வாழ்கிறவர்களை மனத்தில் வைத்தே இது எழுதப்பட்டது. ஏனெனில் இந்த நோய் முற்றிய நிலையில் இருக்கும் ஒருவரால் இரண்டு பத்திகளைச் சேர்ந்தாற்போல் படித்து முடிப்பதே அரிது.

சாதாரண மனவருத்தத்திலிருந்து இதை எப்படிப் பிரித்தறிவது?

வருத்தத்தில் இருப்பவரிடம் நல்ல செய்தி ஒன்றைச் சொன்னால் சிறிது நேரத்துக்காவது முகம் மலரும். மெலங்கோலியாவில் அந்த மலர்ச்சியே நின்றுபோகிறது. வளைகுடாவிலிருந்து மகன் விடுமுறைக்கு வந்து நிற்கிறான், பேத்தி மடியில் ஏறி உட்காருகிறாள், காலமெல்லாம் விரும்பிச் சாப்பிட்ட மரச்சீனிக் கிழங்கும் சாளைக் கறியும் முன்னால் இருக்கிறது. எதுவும் அவரைத் தொடுவதில்லை. பலர் இதைத் துக்கம் என்றுகூடச் சொல்வதில்லை. அழுகை வந்தாலாவது தேவலை, உள்ளே ஒன்றுமே இல்லை என்பார்கள்.

கடற்கரை ஊர்களில் இருப்பவர்கள் இதை எளிதாகச் சோதித்துப் பார்க்கலாம். மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை இருக்கிறது. வருமானம் நின்ற அந்த 61 நாட்களில் வட்டிக் கவலையால் ஒருவர் ஒடுங்கிக் கிடப்பது இயல்பு; ஆகஸ்டில் படகு இறங்கி நல்ல பாடு கிடைத்தால் அவர் தேறிவிடுவார். மெலங்கோலியா உள்ளவர் கடன் முழுவதும் அடைந்த பிறகும் அப்படியேதான் இருப்பார்.

மருத்துவர்கள் பயன்படுத்தும் டிஎஸ்எம்-5 கையேட்டின்படி, கடும் மனச்சோர்வின் அறிகுறிகள் குறைந்தது 2 வாரங்களாவது நீடித்திருக்க வேண்டும். நோய் உச்சத்தில் இருக்கும்போது எதிலும் இன்பம் இல்லாமல் போவதோ, நல்லது நடந்தாலும் மனம் அசையாமல் இருப்பதோ காணப்பட வேண்டும். இவற்றுடன், வழக்கமான சோகத்திலிருந்து வேறுபட்ட ஆழ்ந்த விரக்தி, காலையில் நோய் கூடுதலாக இருத்தல், வழக்கத்தைவிட 2 மணி நேரமாவது முன்னதாக விழித்துவிடுதல், பேச்சும் நடையும் கண்கூடாக மந்தமாகிவிடுதல் அல்லது இருப்புக்கொள்ளாமல் தவித்தல், பசி கெட்டு எடை குறைதல், அளவுக்கு மீறிய குற்றவுணர்வு ஆகிய ஆறில் குறைந்தது மூன்று இருந்தால் மெலங்கோலியா என்று கருதுகிறார்கள்.

எங்கள் ஊரில் எல்லோருமே விடியுமுன் எழுகிறவர்கள். அதிகாலை விழிப்பை நோய் என்று எப்படிச் சொல்வது?

இந்த மாவட்டத்தில் மிகவும் பொருத்தமான கேள்வி இதுதான். கல்குளம், விளவங்கோடு பக்கங்களில் ரப்பர் பால் வெட்டுகிறவர்கள் இருட்டோடு தோட்டத்துக்குள் போய்விடுகிறார்கள். தோவாளைப் பூச்சந்தை விடியுமுன்னரே களைகட்டிவிடுகிறது. கரைமடிக்கும் வள்ளத்துக்கும் போகிறவர்களுக்கு நேரக்கணக்கே வேறு. ஆகவே எத்தனை மணிக்கு விழிக்கிறார் என்று கேட்பதால் பயன் இல்லை. அவரவர் வழக்கத்திலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பதையே பார்க்க வேண்டும். மூன்று மணிக்கு எழுந்து கட்டன்சாயா குடித்துவிட்டுப் பால்வெட்டுக்குப் போகும் ஒருவர், ஒரு மணிக்கே விழித்து, எழவும் மனமில்லாமல், திரும்ப உறங்கவும் முடியாமல் கூரையைப் பார்த்தபடி கிடக்கிறார் என்றால், அது நோயின் விழிப்பு. வெளியூரிலிருந்து வந்த மருத்துவருக்கு இந்தத் தொழில்நேரம் தெரியாமல் இருக்கலாம். வீட்டார்தான் சொல்ல வேண்டும்.

இதன் மறுபக்கமும் உண்டு. விடியற்காலையில் அடிமட்டத்தில் இருக்கும் மனம் பொழுது ஏற ஏறச் சற்று இளகி, மாலையில் ஓரளவு பேசும் நிலைக்கு வந்துவிடும். துபாயிலோ மஸ்கட்டிலோ இருக்கும் பிள்ளைகள் வேலை முடிந்து இரவில் அழைக்கும்போது அவர்கள் காண்பது அந்த நாளின் மிக நல்ல நேரத்தை. அப்பா நன்றாகத்தானே பேசினார், அம்மாதான் தேவையில்லாமல் பயப்படுகிறார் என்ற பூசல் பல வீடுகளில் இப்படித்தான் தொடங்குகிறது. ஒரு வாரம் காலையில் அழைத்துப் பாருங்கள்.

குறை ஒன்றுமில்லாத வாழ்க்கை. பிறகு ஏன் வந்தது?

காரணம் வாழ்க்கையில் இருந்தே தீர வேண்டும் என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிட வேண்டும். பரம்பரைக்கு இதில் கணிசமான பங்கு உண்டு. தந்தை வழியிலோ தாய் வழியிலோ யாராவது மாதக்கணக்கில் முடங்கிக் கிடந்ததாகவோ, தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டதாகவோ குடும்பத்தில் பேச்சு இருந்தால் அதை மருத்துவரிடம் மறைக்கக் கூடாது. மூளைக்கும் அட்ரீனல் சுரப்பிக்கும் இடையிலான கட்டுப்பாடு சீர்குலைந்து, கார்டிசால் என்ற ஹார்மோன் மிகுந்து காணப்படுவது இந்த வகை நோயாளிகளில் நெடுங்காலமாகக் கவனிக்கப்பட்டு வருகிறது. 1980களில் இதையே ரத்தப் பரிசோதனையாக மாற்றி நோயைக் கண்டுபிடித்துவிடலாம் என்று பெரிதும் நம்பினார்கள். வேறு நோய்களிலும் அதே முடிவு வந்ததால் அது நிலைக்கவில்லை. ஆகவே இன்றும் நோயாளியையும் வீட்டாரையும் பொறுமையாக விசாரிப்பதுதான் நோயறியும் வழி.

முதன்முறை நோய் வரும்போது இழப்பு, பிரசவம், பணி ஓய்வு போன்ற ஏதாவது ஒரு தூண்டுதல் இருக்கலாம். அடுத்தடுத்த முறைகளில் பெரும்பாலும் அதுவும் தேவைப்படுவதில்லை.

ஒக்கிப் புயலில் கணவரை இழந்தவர்கள் எங்கள் ஊரில் பலர். அவர்களுடைய துயரமும் இதுதானா?

பெரும்பாலும் இல்லை. 2017 நவம்பர் 30 அன்று குமரிக் கடலோரத்தைத் தாக்கிய அந்தப் புயலில் உடல்கூடக் கிடைக்காமல் போனவர்கள் பலர். அடக்கம் செய்யக்கூட வாய்க்காத துயரம் ஆண்டுகள் கடந்தும் ஆறாமல் இருப்பதை நோய் என்று சொல்வது தவறு. துயரம் விட்டுவிட்டு வரும். நினைவுநாள், அவர் பெயர், துறைமுகம் என்று ஏதாவது ஒன்று அதைக் கிளப்பும். இடையிடையே குழந்தையின் குறும்பைக் கண்டு சிரிக்கவும் முடியும். தன்னைப் பற்றிய மதிப்பும் அவ்வளவாகக் குலைவதில்லை. ஆனால் துயரத்தில் இருப்பவருக்கு மெலங்கோலியா வராது என்று எந்த விதியும் இல்லை. இறந்தவரைப் பற்றிய நினைவே மங்கி, தான் வாழத் தகுதியற்றவள் என்ற ஒரே எண்ணம் நாள் முழுவதும் இடைவிடாமல் நிலைத்து, உணவும் உறக்கமும் கெட்டு, உடல் அசைவே குறைந்துவிட்டால், துக்கம்தானே என்று காத்திருக்கக் கூடாது.

எப்போதோ செய்த சிறு தவறைச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோகிறார். இதற்கு என்ன பொருள்?

கடலோரப் பங்குகளில் அருட்தந்தையர் இதை மருத்துவருக்கு முன்பே கண்டுவிடுவதுண்டு. முப்பது ஆண்டுகளுக்கு முன்பு பங்காளிக்குத் தரவேண்டிய சிறுதொகையைத் தராமல் விட்டதற்காக ஒருவர் பாவசங்கீர்த்தனம் செய்கிறார். மன்னிப்பு கிடைத்த பிறகும் அடுத்த வாரம் அதே பாவத்தோடு திரும்ப வந்து நிற்கிறார். மன்னிப்பு அவருக்குள் இறங்குவதில்லை. அய்யாவழியினரின் நிழல்தாங்கலிலோ சபையிலோ கோயிலிலோ இதே நிலை வேறு சொற்களில் வெளிப்படும். இப்படிப்பட்டவரிடம் அது ஒரு பெரிய குற்றமே இல்லை என்று வாதாடுவதால் பயன் இராது.

இது இன்னும் முற்றினால், குடும்பமே தன்னால் அழியப்போகிறது, சொத்தெல்லாம் போய்விட்டது, குடல் அழுகிவிட்டது, போலீஸ் தேடுகிறது என்பன போன்ற உறுதியான பொய்நம்பிக்கைகள் தோன்றலாம். ஐம்பது, அறுபது வயதைத் தாண்டியவர்களிடம் இதைக் கூடுதலாகக் காணலாம். இந்தக் கட்டத்தை எட்டியவரை அன்றோ மறுநாளோ மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும்.

இது வேறு உடல்நோயாக இருக்கக்கூடுமா?

இருக்கக்கூடும். தைராய்டு சுரப்பு குறைதல், ரத்தசோகை, பி12 வைட்டமின் குறைபாடு, தொடக்கநிலை பார்க்கின்சன் நோய், நீண்டநாள் ஸ்டீராய்டு மாத்திரை, அன்றாடக் குடி ஆகியவை இதே தோற்றத்தைத் தரலாம். குறைந்தது டிஎஸ்ஹெச் (தைராய்டு சோதனை), ஹீமோகுளோபின், சர்க்கரை, சோடியம் ஆகியவற்றையாவது பார்த்துவிடுவது நல்லது. அதற்காக, வயிற்றுக்கு ஒரு ஸ்கேன், தலைக்கு ஒரு ஸ்கேன் என்று ஆறு மாதம் ஆய்வுக்கூடங்களுக்கு அலைந்த பிறகே மனநல மருத்துவரைப் பார்ப்பது என்ற நம்மூர் வரிசை எனக்கு உடன்பாடில்லை. இரண்டையும் ஒரே வாரத்தில் செய்துவிட முடியும்.

மாவட்டத்தில் எங்கே காட்டுவது? வெளியே தெரிந்தால்?

நாகர்கோவில் ஆசாரிப்பள்ளத்தில் உள்ள கன்னியாகுமரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் வட்டார அரசு மருத்துவமனைகளுக்கும் குறிப்பிட்ட நாட்களில் மனநல மருத்துவர் வருவார். உங்கள் பகுதிக்கு எந்தக் கிழமை என்பதை அந்த மருத்துவமனையிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். இங்கு மருந்துகள் இலவசம். 24 மணி நேரமும் தமிழில் பேசக்கூடிய டெலி-மானஸ் மனநல உதவி எண் 14416; தமிழக அரசின் 104 எண்ணையும் அழைக்கலாம்.

இந்த மாவட்டம் முன்பு திருவிதாங்கூரோடும், பிறகு 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்ததால், மனநோய் என்றதும் முதியவர்களின் நினைவுக்கு வருவது திருவனந்தபுரத்து ஊளம்பாறை மனநோய் மருத்துவமனைதான். அந்தப் பெயரையே ஏச்சாகப் பயன்படுத்திய தலைமுறை இன்னும் நம்மோடு இருக்கிறது. இன்றைய நடைமுறை அதற்கு நேர்மாறானது. பெரும்பாலோர் வெளிநோயாளியாகவே மருந்து வாங்கி வீட்டுக்குத் திரும்பிவிடுகிறார்கள். உணவை மறுப்பவர்களையும் உயிராபத்து உள்ளவர்களையும் மட்டுமே உள்ளே சேர்க்கிறார்கள்.

என்ன மருந்து கொடுப்பார்கள்? எவ்வளவு காலம்?

எசிடலோபிராம், செர்ட்ராலின் போன்றவற்றில் தொடங்குவது வழக்கம். வென்லாஃபாக்சின், மிர்டாசபின் ஆகியவையும் உண்டு. நோய் கடுமையாக இருந்தால் அமிட்ரிப்டிலின், நார்ட்ரிப்டிலின், இமிப்ரமின் போன்ற பழைய மருந்துகளையும் சில மருத்துவர்கள் தேர்ந்தெடுப்பார்கள். இமிப்ரமின் 1950களில் சுவிட்சர்லாந்து நாட்டு மனநல மருத்துவர் ரோலண்ட் கூன் கண்டறிந்த பயனால் புகழ்பெற்றது; பழையது என்பதால் அது மட்டமானது ஆகிவிடாது. வாய் உலர்தல், மலச்சிக்கல், சிறுநீர் அடைப்பு, இதயத்துடிப்பு மாற்றம் ஆகியவை அதன் குறைகள் என்பதால், வயதானவர்களுக்கு ஈசிஜி பார்த்தே கொடுக்க வேண்டும். பொய்நம்பிக்கைகள் இருந்தால் அவற்றுக்கான மருந்தும் சேர்க்கப்படும்.

முதல் வாரத்தில் குமட்டலும் தலைவலியும் வரும், பலன் வராது. மருந்தை விட்டுவிடுகிறவர்களில் பலர் இங்கேதான் விடுகிறார்கள். தெளிவு தெரிய 2 முதல் 4 வாரங்களும், முழுப் பலனுக்கு 6 முதல் 8 வாரங்களும் ஆகலாம். முதலில் தூக்கமும் பசியும் திரும்பும். மனம் கடைசியாகத்தான் திரும்பும். முதியவர் ஒருவர் மருந்து தொடங்கிய சில நாட்களில் குழம்பிப் பேசினால் ரத்தத்தில் சோடியம் குறைந்திருக்கக்கூடும். உடனே காட்ட வேண்டும்.

குணமான பிறகும் 6 முதல் 12 மாதங்கள் அதே அளவில் மருந்து தொடர வேண்டும். திரும்பத் திரும்ப வந்தவர்களுக்குப் பல ஆண்டுகள் தேவைப்படலாம். முன்பு எப்போதாவது உறக்கமே இல்லாமல் மிதமிஞ்சிய உற்சாகத்தோடும், பெருஞ்செலவோடும், ஓயாத பேச்சோடும் சில நாட்கள் இருந்ததுண்டா என்பதை மருத்துவர் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுங்கள். அது இருமுனைக் கோளாறாக இருக்கலாம். அப்போது மனச்சோர்வு மாத்திரையை மட்டும் தனியே கொடுத்தால் நோய் மறுபக்கம் பாய்ந்துவிடும் அபாயம் உண்டு.

பழகிவிட்டால் விட முடியாது என்கிறார்களே?

இந்த மருந்துகள் போதை தருவதில்லை. அளவைக் கூட்டிக்கொண்டே போகும் ஏக்கத்தையும் உண்டாக்குவதில்லை. திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், மின்சாரம் சுண்டியது போன்ற உணர்வு, உறக்கக்குலைவு ஆகியவை சில நாட்கள் இருக்கலாம் என்பதால் படிப்படியாகக் குறைப்பார்கள். முதலிரண்டு வாரங்களுக்குத் தனியாகக் கொடுக்கப்படும் தூக்க மாத்திரை மட்டும் பழகக்கூடியது. அதை நீட்டிக்கக் கூடாது.

ஷாக் கொடுக்க வேண்டும் என்று மருத்துவர் சொல்கிறார். ஒப்புக்கொள்ளலாமா?

இந்த நோயைப் பொறுத்தவரை, ஒப்புக்கொள்ளத் தயங்க வேண்டாம் என்பதே என் கருத்து. மின்னதிர்வு சிகிச்சை 1938-இல் ரோம் நகரில் செர்லெட்டி, பினி என்ற இருவரால் முதன்முதலாகச் செய்யப்பட்டது. பழைய திரைப்படங்கள் காட்டும் கட்டிப்போட்ட உடலும் அலறலும் மயக்க மருந்து இல்லாத காலத்துக்கு உரியவை. இந்தியாவில் 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 95-ஆம் பிரிவு, மயக்க மருந்தும் தசைத்தளர்வு மருந்தும் இல்லாமல் இதைச் செய்வதைத் தடை செய்திருக்கிறது.

காலையில் வெறும் வயிற்றோடு அழைத்துச் செல்வார்கள். நோயாளி உறங்கிய பின் சில நொடிகள் மின்சாரம் செலுத்தப்பட்டு, ஒரு நிமிடத்துக்கும் குறைவான வலிப்பு மூளையில் உண்டாக்கப்படும். தசை தளர்ந்திருப்பதால் வெளியே பெரும்பாலும் கால்விரல் துடிப்புதான் தெரியும். வாரத்துக்கு 2 அல்லது 3 முறையாக, மொத்தம் 6 முதல் 12 முறை வழக்கம். அன்றைய தினம் தலைவலியும் குழப்பமும் இருக்கும். சிகிச்சை நடந்த வாரங்களையும் அதற்குச் சற்று முந்தைய காலத்தையும் பற்றிய நினைவுகள் சில விடுபடலாம், அவற்றுள் சில திரும்பாமலும் போகலாம். இதை மறைக்காமல் முன்கூட்டியே சொல்கிற மருத்துவரை நம்பலாம்.

மெலங்கோலியா, அதிலும் பொய்நம்பிக்கை கலந்த மெலங்கோலியா, இந்தச் சிகிச்சைக்கு மிக நன்றாகக் கட்டுப்படுகிறது. சாப்பாட்டையும் தண்ணீரையும் விட்டவருக்கு மாத்திரை வேலை செய்யும் 4 வாரங்கள் வரை காத்திருக்க அவகாசம் இல்லை. இதனால் வந்த தெளிவு நிலைக்க வேண்டுமானால் பிறகு மருந்து கட்டாயம் தொடர வேண்டும்.

மருந்து இல்லாமல் கவுன்சலிங், யோகா, நடைப்பயிற்சி போதாதா?

மிதமான மனச்சோர்வுக்குப் போதலாம். ஒரு வாக்கியம் பேச அரை நிமிடம் எடுத்துக்கொள்கிறவரை எண்ணங்களை ஆராயச் சொல்வதும், சங்குத்துறைக் கடற்கரையில் நடக்கச் சொல்வதும், தன்னால் அதுவும் முடியவில்லையே என்ற புதிய குற்றவுணர்வைத்தான் சேர்க்கும். தேறிய பிறகு மீண்டும் வராமல் தடுக்க இவை அனைத்தும் உதவும்.

நாட்டு மருந்தும் வர்மமும் செழித்த மாவட்டம் இது. அவற்றையும் பார்க்கலாமா? ஜெபத்துக்கும் மந்திரத்துக்கும் போகலாமா?

ஆசான்மார்மீது இங்கே இருக்கும் மதிப்பு காரணமற்றதில்லை. எலும்பு, மூட்டு, சுளுக்கு போன்றவற்றில் அவர்களுடைய கைப்பழக்கத்தை நம்பித்தான் பல ஊர்கள் வாழ்ந்திருக்கின்றன. மெலங்கோலியாவை அவர்களிடம் மட்டும் விடுவது வேறு. குறிப்பாக, ரத்தக்கொதிப்புக்கும் மனக்கலக்கத்துக்கும் நாட்டு மருத்துவத்தில் பயன்படும் சர்ப்பகந்தி வேரில் ரெசர்பின் என்ற பொருள் இருக்கிறது. மனச்சோர்வு உள்ளவர்களுக்கும் மின்னதிர்வு சிகிச்சை பெறுகிறவர்களுக்கும் ரெசர்பின் கொடுக்கக் கூடாது. என்ன லேகியம், என்ன பொடி என்பதைப் பொட்டலத்தோடு மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

ஜெபமும் நேர்ச்சையும் தொடரட்டும், மருந்தோடு. நோயாளியை உபவாசம் இருக்கச் செய்வது, அடிப்பது, செய்வினை எடுக்கிறேன் என்று இரவெல்லாம் விழித்திருக்கச் செய்வது ஆகியவை ஏற்கெனவே உணவும் உறக்கமும் இழந்த உடலுக்குச் செய்யும் தீங்கு.

உயிரை விட்டுவிடுவாரோ என்று அஞ்சுகிறோம். கேட்டால் எண்ணத்தைத் தூண்டிவிட்டதாகுமா?

ஆகாது. வாழ வேண்டாம் என்று தோன்றுகிறதா என்று அமைதியாக நேரடியாகக் கேளுங்கள். பலர் கேட்கப்பட்டதாலேயே ஆறுதல் அடைகிறார்கள். ஆம் என்றால் அவரைத் தனியாக விடாதீர்கள். அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். ரப்பர் பாலை உறைய வைக்கும் ஆசிட், வாழைக்கு அடிக்கும் பூச்சிமருந்து, மாத்திரைக் கையிருப்பு ஆகியவற்றை வீட்டிலிருந்தே அப்புறப்படுத்துங்கள் அல்லது வேறொருவர் பொறுப்பில் பூட்டி வையுங்கள். விடியற்காலை நேரத்தில் யாராவது கூட விழித்திருப்பது நல்லது.

மருந்து வேலை செய்யத் தொடங்கும் வாரங்களிலும் கண்காணிப்பைத் தளர்த்தக் கூடாது. மனம் தேறுவதற்கு முன்பே உடலில் தெம்பு திரும்பிவிடும் இடைவெளி அது. முயன்று பிழைத்தவரை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப் போலீஸ் வழக்குக்கு அஞ்ச வேண்டியதில்லை. 2017 சட்டத்தின் 115-ஆம் பிரிவு அவரைக் கடும் மனஉளைச்சலில் இருந்தவராகக் கருதி, தண்டனையிலிருந்து காக்கிறது.

வீட்டில் அவரிடம் என்ன பேசுவது?

குறைவாகப் பேசுங்கள். உனக்கென்ன குறைச்சல், மனசைத் திடப்படுத்து, அவரவர் எவ்வளவு கஷ்டப்படுகிறார்கள் பார் என்னும் மூன்றும் இந்த நோயில் வசையாகவே கேட்கும். இது நோய், மருந்துக்குக் கட்டுப்படும், நாங்கள் கூட இருக்கிறோம் என்பதைச் சுருக்கமாகத் திரும்பத் திரும்பச் சொன்னால் போதும். நிலத்தை விற்பது, வேலையை விடுவது, மகளின் திருமணப் பேச்சை முடிப்பது போன்ற முடிவுகளை அவர் தேறும்வரை தள்ளிவையுங்கள்.

மருந்து சாப்பிட்டுக்கொண்டே பால்வெட்டுக்கும் கடலுக்கும் போகலாமா?

தேறியவர் போகலாம், போவது நல்லதும்கூட. இரவில் எடுக்கும் மிர்டாசபின், அமிட்ரிப்டிலின் போன்றவற்றின் மயக்கம் அதிகாலை வரை நிற்கலாம். இருட்டில் தலைவிளக்கோடு கத்தி பிடிக்கிறவர் மாத்திரையை மாலை ஏழு மணிக்கே எடுத்துக்கொள்ளலாமா என்று மருத்துவரிடம் கேட்க வேண்டும். தூத்தூர்ப் பகுதியிலிருந்து ஆழ்கடலுக்குப் போகிறவர்கள் வாரக்கணக்கில் கரை திரும்புவதில்லை. புறப்படுமுன் அத்தனை நாட்களுக்கும் உரிய மாத்திரையோடு ஒரு வாரத்துக்குக் கூடுதலாகவும் எடுத்து, நம்பகமான கூட்டாளி ஒருவரிடம் ஒப்படைப்பது முறை.

மனநிலையைச் சீராக வைக்கச் சிலருக்குக் கொடுக்கப்படும் லித்தியம் என்ற மருந்தை எடுப்பவருக்குக் கூடுதல் எச்சரிக்கை தேவை. வெயிலில் வியர்த்து உடலில் நீர் வற்றினாலும், உடம்பு வலிக்கு டைக்ளோபினாக், இபுபுரூபன் போன்ற மாத்திரைகளைப் போட்டாலும் ரத்தத்தில் லித்தியத்தின் அளவு ஏறிவிடும். கை பலமாக நடுங்குதல், வாந்தி, வயிற்றுப்போக்கு, தள்ளாட்டம் ஆகியவை அதன் அறிகுறிகள். கடலில் இவை தோன்றினால் அடுத்த வேளை லித்தியத்தை நிறுத்திவிட்டு, கடல்நோய் என்று காத்திராமல் அருகிலுள்ள துறைமுகத்துக்குப் படகைத் திருப்ப வேண்டும்.